பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்த்தது?

மனித செல்களைச் சின்னச் சில்லில் வளர்த்து அதில் மருந்தின் நச்சுத்தன்மையைச் சோதிக்கலாம், எலியும் முயலும் தேவையில்லை என்கிறார்கள். 2022 டிசம்பரில் அமெரிக்கா இதற்காகச் சட்டத்தைத் திருத்தியது. 2023இல் இந்தியாவும் விதிகளில் இடம் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் இதைப் பெருமையாகப் பகிரும் நண்பர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. சிரப்பில் சேர்க்கும் திரவத்தில் நச்சு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் அரை நூற்றாண்டுப் பழைய சோதனையையே நாம் ஒழுங்காகச் செய்வதில்லை.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சளிக்குக் கொடுத்த சிரப்பில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சுத் திரவம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். மருந்தைத் தயாரித்தது நம் காஞ்சிபுரம் மாவட்டத்து நிறுவனம்.

இத்தகைய சிரப்பில் இருக்கும் பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் சிரப்பில் புரோப்பிலீன் கிளைகாலோ கிளிசரினோ சேர்ப்பார்கள். டைஎத்திலீன் கிளைகாலும் அவற்றைப் போலவே நிறமில்லாதது, கொழகொழப்பானது, இனிப்பானது. பிரேக் ஆயில் போன்றவற்றுக்குப் போகிற மலிவான சரக்கு. கண்ணாலோ நாக்காலோ பிரித்தறிய முடியாது. உடலுக்குள் போனதும் அது டைகிளைகாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரக நுண்குழல்களின் செல்களைக் கொல்கிறது. குழந்தைக்குச் சிறுநீர் நின்றுபோகும்.

கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பியில் ஒரு துளியைச் செலுத்தினால் போதும், நல்ல திரவமும் நச்சுத் திரவமும் தனித்தனிக் கோடாக எழுந்து நிற்கும். அந்தக் கருவி இல்லாத இடத்தில் மெல்லிய தகட்டில் புள்ளி வைத்துப் பார்க்கும் எளிய முறையும் உண்டு. தமிழ்நாட்டு அரசு ஆய்வகம் மாதிரி கைக்கு வந்த ஓரிரு நாளில் முடிவைச் சொல்லிவிட்டது. கருவி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். சாவு விழுந்த பிறகுதான் அவர்களுக்கு வேலை வருகிறது.

ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன். மூலப்பொருள் விற்பனையாளர் அனுப்பும் பகுப்பாய்வுச் சான்றிதழை அப்படியே நம் பதிவேட்டில் ஏற்றிவிடும் ஆசை எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். சோதனை முடியும்வரை அந்த மூலப்பொருள் பீப்பாய் கிடங்கில் நிற்கும், உற்பத்தி மேலாளர் தலைமேல் நிற்பார்.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற தொற்றுநோய் மருந்தைக் கரைக்க இதே திரவத்தைப் பயன்படுத்தினார்கள். 105 பேர் இறந்தார்கள். நச்சுத்தன்மையைச் சோதித்துவிட்டு விற்க வேண்டும் என்ற சட்டமே அன்று அங்கே இல்லை. மறு ஆண்டே கொண்டுவந்தார்கள். இங்கே 1972இல் சென்னை, 1986இல் மும்பை, 1998இல் குர்கான், 2020இல் ஜம்மு என்று சாவுப் பட்டியல்தான் நீள்கிறது.

என்னால் பொறுக்க முடியாதது இதுதான். 2022இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் ஏறத்தாழ எழுபது குழந்தைகள் இறந்தபோது இந்தியத் தயாரிப்பு சிரப்புகள் மீது உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. வெளிநாட்டில் மானம் போனதும் நம் அரசு விழித்துக்கொண்டது: 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் மருந்து அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் தேறிய பிறகே கப்பல் ஏற வேண்டும் என்றது. ஏற்றுமதிக்கு மட்டும்! சிந்த்வாராவுக்கு லாரியில் போன சரக்குக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு தொகுதி (batch) மூலப்பொருளையும் உற்பத்தியாளரே சோதிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. அதைச் செய்தாரா என்று விற்பனைக்கு முன் பார்க்க யாரும் இல்லை.

மருத்துவரைக் கைது செய்தார்கள், நிறுவன உரிமையாளரைக் கைது செய்தார்கள், உரிமத்தை ரத்து செய்தார்கள். தொலைக்காட்சி விவாதங்களும் ஓய்ந்தன. நான் கேட்பது சின்ன விஷயம். குழந்தைகளுக்கான எந்தச் சிரப்பும், அதன் தொகுதி எண்ணுக்குரிய கிளைகால் சோதனை முடிவு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் இணையதளத்தில் ஏறிய பிறகே கடைக்கு வர வேண்டும். பாட்டிலில் உள்ள எண்ணைத் தட்டினால் பெற்றோருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் அந்த முடிவு தெரிய வேண்டும். செலவு அதிகம், சிறு நிறுவனங்கள் தாங்காது என்பவர்கள், காம்பியாவுக்குப் போகும் பாட்டிலுக்கு மட்டும் அந்தச் செலவு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கொஞ்சம் விளக்குங்கள்.