ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது

"சினை நாய்க்கு ஸ்கேன் எடுத்தால் கதிர்வீச்சு பட்டுக் குட்டிகள் ஊனமாகும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தவறு. அவர் எக்ஸ்ரேயோடு குழப்பிக்கொள்கிறார். இந்த ஸ்கேன் அல்ட்ராசவுண்ட் வகை; அதில் இருப்பவை நம் காதுக்கு எட்டாத ஒலி அலைகள். உள்ளுறுப்புகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைத்தான் கருவி படமாக்குகிறது.

சென்ற மார்கழியில் குன்னூரில் எங்கள் நாய்க்கு எடுத்தபோது அதன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மயக்க ஊசி போடவில்லை. வயிற்று முடியை மழித்து ஜெல் தடவியதும் ஒருமுறை உடல் சிலிர்த்தது, அவ்வளவுதான். திரையின் கருமைக்குள் கடுகளவுப் புள்ளி ஒன்று படபடவென்று துடித்தது. குட்டியின் இதயம்! இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஏறக்குறைய 25 நாளிலேயே சினை தெரிந்துவிடும். எத்தனை குட்டி என்பதை மட்டும் ஸ்கேனில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே குட்டி இருமுறை எண்ணப்படலாம். அதற்கு எலும்புகள் கெட்டிப்பட்ட பின், 55 நாள் வாக்கில் எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஒன்றிரண்டு படங்களுக்கும் அஞ்ச வேண்டியதில்லை.

பிரசவம் தாமதமானால், குட்டிகள் திணறுகின்றனவா என்பதை இதயத் துடிப்பின் வேகத்தை வைத்துக் காட்டுவது இந்த ஸ்கேன்தான். வீண் பயத்தில் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது ஒரு கம்பளி எடுத்துச் செல்லுங்கள். மழித்த வயிற்றை நம் மலைக்குளிர் தாக்கும்.