மழைக்கும் மரணத்துக்கும் நடுவில்

நேற்று ராத்திரி வகுப்புத் தேர்வு விடைத்தாள் திருத்தினேன். தென்னிந்தியாவை வாட்டிய 1876–78 பஞ்சத்தில் ஏன் அத்தனை பேர் இறந்தார்கள் என்பது கேள்வி. "மழை பெய்யவில்லை. பஞ்சம் வந்தது. மக்கள் இறந்தனர்" என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். மூன்றுமே உண்மை, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் எதுவுமே இல்லை. நன்றாக எழுதும் பிள்ளைகள் "மழை பெய்யாததால் மக்கள் இறந்தனர்" என்று சேர்த்து எழுதியிருந்தார்கள். எனக்கு அதுதான் இன்னும் அதிகமாக உறுத்தியது.

மழை பெய்யாததால் பயிர் கருகியது, சரி. பயிர் கருகியதால் விலை ஏறியது, அதுவும் சரி. ஆனால் அப்போதும் இந்தியாவிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது, தானிய வியாபாரத்தில் தலையிட மாட்டோம் என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு பிடிவாதமாக இருந்தது, 1877இல் நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் என்று, நிவாரணத்தை மேற்பார்க்க லிட்டன் அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமந்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்? தாது வருஷப் பஞ்சம் என்று ஊரில் சொல்வார்களே, அதுதான் இது. "பெய்யாததால் இறந்தனர்" என்று எழுதும்போது இத்தனை முடிவுகளும், அவற்றை எடுத்த ஆட்களும் அந்த ஒரு 'ஆல்' உருபுக்குள் மறைந்துவிடுகிறார்கள், பழி முழுக்க வானத்தின் மேல் விழுகிறது.

பிள்ளைகளுக்கு யோசிக்கத் தெரியவில்லை என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் தமிழ்நாட்டுக்கு ஏன் மழை குறைவு என்பதற்கு ஒரு பையன் "மழை மறைவுப் பகுதி என்பதால்" என்று ஒரே வரி எழுதியிருந்தான். கூப்பிட்டு வாயால் சொல்லச் சொன்னேன். "கடல்லேர்ந்து வர்ற காத்து மலையில முட்டி மேல ஏறுது டீச்சர், ஏறும்போது குளிர்ந்து கேரளாப் பக்கமே கொட்டிடுது, நம்ம பக்கம் இறங்கும்போது அதுல ஈரம் இருக்காது" என்றான். எவ்வளவு அழகாகக் கோத்துச் சொல்கிறான்! இதை ஏன்டா எழுதல என்று கேட்டால், "இதுக்குத் தனியா மார்க் இல்லையே டீச்சர்."

அவன் சொன்னது நிஜம். விடைக்குறிப்பில் அந்த ஒரு சொல்தான் இருக்கிறது, அது கண்ணில் பட்டதும் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். பத்து வருஷம் இப்படித் திருத்திவிட்டு, கூற்று–காரணம் கேள்வியில் "இரண்டும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை" என்ற விடை வரும் இடத்தில் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்று வருத்தப்படுவதில் என்ன நியாயம்?

மொழியிலும் சில இடங்கள் இடறுகின்றன. "மழை பெய்தால் வெள்ளம் வந்தது" என்று எழுதினால் எழுத்துப் பிழை என்று சிவப்பில் சுழித்துவிட்டுப் போய்விடுகிறோம். பெய்தால் என்பது இன்னும் நடக்காத ஒன்று, பெய்ததால் என்பது நடந்து முடிந்த காரணம், அந்த ஒரு 'த' போனால் அர்த்தமே போய்விடுகிறது. அப்புறம் இந்த 'ஏனெனில்'. "மலையில் ஏறும் காற்று குளிர்கிறது, ஏனெனில் மழை பெய்கிறது" என்று எழுதுகிறார்கள், காரணமும் விளைவும் இடம் மாறிவிடுகின்றன. அந்த இடத்தில் நிறுத்தி "ஏன்?" என்று வாய்விட்டுக் கேள், அடுத்து வருவது அதற்குப் பதிலாக இருந்தால் ஏனெனில், "அப்புறம் என்ன ஆச்சு?" என்பதற்குப் பதிலாக இருந்தால் எனவே என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரே பீரியடில் பிடித்துக்கொண்டார்கள்.

பஞ்சக் கேள்வியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மழை பொய்த்ததற்கும் மக்கள் செத்ததற்கும் நடுவில் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று எழுத வேண்டும், அந்தக் காரணச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தனியாக மதிப்பெண் உண்டு. திங்கட்கிழமை தாள்கள் வரும்.