சினிமாவுக்கு ட்ரை பண்ணலையா?

போன மாசம் முழுக்க ராத்திரி ராத்திரி உக்காந்து பழைய கேசட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு இருந்தேன். மொத்தம் 41 கேசட். 60 நிமிஷக் கேசட்னா 60 நிமிஷமும் ஓடித்தான் ஏறும், அதனால ஒண்ணு விடாம முழுசா கேட்டாச்சு. 1991-ல இருந்து 2009 வரைக்கும் திருநெல்வேலிச் சீமையில ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கம் கோயில் கொடைகள்ல, அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்கள்ல, நாங்க வாசிச்ச சினிமாப் பாட்டுக் கச்சேரிகள், நடுநடுவுல நான் மெட்டுப் போட்டு எழுதிப் பாடிப் பார்த்த பாட்டுகள். ஜெனரேட்டர் சத்தம் கேக்குது, யாரோ ஒரு கைப்புள்ள அழுவுது, மைக் செட் மாமா "செக் செக்"ங்கிறாரு. எங்க தபேலா அண்ணன் இப்போ இல்ல, ஆனா மூணாவது கேசட் பி சைடுல அவரு இருமுற சத்தம்கூட அப்படியே இருக்கு. அதுக்கு மேல அன்னிக்கு என்னால கேக்க முடியல, எந்திரிச்சு வெளிய போய் நின்னுட்டேன்.

மகன்கிட்ட ரெண்டு பாட்டு போட்டுக் காட்டினேன். நல்லாருக்குப்பான்னு சொல்லிட்டு அவன் கேட்ட அடுத்த கேள்வி, "நீங்க ஏன்ப்பா சினிமாவுக்கு ட்ரை பண்ணல?" அவன் மேல தப்பில்ல. முப்பது வருஷமா பொண்ணு வீட்டுக்காரங்கள்ல இருந்து ஆபீஸ் மேனேஜர் வரைக்கும் எல்லாரும் கேட்ட கேள்விதான். கதை எழுதுறேன்னா "எந்தப் பத்திரிகையில வந்துச்சு"ன்னு கேப்பாங்க. இதுக்குப் பதிலை இன்னிக்காவது முழுசா சொல்லிடணும்னுதான் இதை எழுதறேன்.

நாங்க செஞ்சது எங்கேயோ போறதுக்கான ஏணி கிடையாது. அதுவேதான் வேலை. யாருக்கும் நோட்டேஷன் தெரியாது, கேசட்டை ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கேட்டுத்தான் பல்லவி சரணத்துக்கு நடுவுல வர்ற இசையை, இன்டர்லூடை, எடுப்போம். ரெக்கார்டிங்ல ஒரு கூட்டமே சேர்ந்து வாசிச்ச வயலினை நான் ஒத்த ஆளு கீபோர்டுல வலது கையில ஸ்ட்ரிங்ஸ் டோன்ல வாசிக்கணும், இடது கையில பேஸ், அதுக்குள்ள புல்லாங்குழல் பிட்டு வந்தா டோனை மாத்தணும். அதுல எதை விடணும் எதைப் பிடிச்சா ஜனங்களுக்கு அந்தப் பாட்டு முழுசாக் கேட்ட மாதிரி இருக்கும்னு முடிவு பண்றதுதான் எங்க கலை. கூட்டத்துல இருந்து இந்தப் பாட்டு வேணும்னு துண்டுச் சீட்டு வரும், பத்து ரூபாய குண்டூசியில குத்தி. பாடுறவரு சுருதி ஒண்ணரைக் கட்டைன்னு சொல்லிட்டு அன்னிக்கு தொண்டை சரியில்லைன்னு ஒரு கட்டையில ஆரம்பிச்சிருவாரு, அந்த நொடியிலயே கீழ இறங்கிப் போயி சேந்துக்கணும். இதைப் போயி ஒத்திகைக் காலம்னு எப்படிச் சொல்றது?

பாவலர் வரதராஜனை எடுத்துக்கோங்க. பண்ணைப்புரத்துக்காரர், கம்யூனிஸ்ட் கட்சி மேடைகள்ல தானே எழுதி ஊர் ஊரா பாடினவர், 1958-ல கேரளாவுல தேயிலைத் தோட்டங்கள் இருக்கிற தேவிகுளம் இடைத்தேர்தல் பிரசாரத்துல பாடினவர். ஆனா நாம அவரை இளையராஜாவோட அண்ணன்னு மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்கோம். அன்னக்கிளி 1976-ல வருது, அதுக்கு முந்தி அந்த அண்ணன் தம்பிங்க மேடையில பாடின வருஷங்களையெல்லாம் ஏதோ "தயாராகிட்டு இருந்த காலம்"ங்கிற மாதிரி பேசுறோம். அந்த ராத்திரி தரையில உக்காந்து கேட்ட தோட்டத் தொழிலாளிக்கு அது தயாரிப்பா? அவனுக்கு அன்னிக்கே அது முழுப் பாட்டு. எனக்கு இந்த விஷயத்துல உண்மையிலேயே கோவம் வருது.

எழுத்துப் பக்கமும் அப்படித்தான். 1993-ல நாங்க நாலு பேரு சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை ஒண்ணு நடத்தினோம், மாசத்துக்கு ஒரே ஒரு பிரதி, 40 பக்கம், கடைசி நாலு பக்கத்தை வாசகர் எழுதறதுக்குன்னு சும்மா விட்ருவோம். சலூன், டீக்கடை, அப்புறம் பீடி சுத்துற அக்காமாரு உக்காந்திருக்கிற திண்ணைன்னு சுத்தி வரும், அங்க ஒருத்தங்க சத்தமா வாசிக்க மத்தவங்க பீடி சுத்திக்கிட்டே கேப்பாங்க. என் கதை ஒண்ணுக்கு கீழே ஒரு அக்கா எழுதியிருந்தாங்க, "இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு பேசுது, துக்கத்துல இருக்கிறவ பேச மாட்டா." அவ்வளவுதான், ஒரு வரி. அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. அதுக்கப்புறம் நான் எழுதின ஒவ்வொரு கதையிலயும் அந்த வரி எனக்குக் காவல் நின்னுருக்கு.

கச்சேரி குறைஞ்சதுக்கு காரணம் பல. 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாது, 2005-ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதியா சொல்லிருச்சு. எங்க பக்கம் கொடையோட முக்கியமான பூஜை, சாமக்கொடை, நடுராத்திரிதான், அது வரைக்கும் ஜனங்களை உக்கார வச்சதே பாட்டுக் கச்சேரிதான். நோயாளிங்க, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்களை நினைச்சா அந்த விதி சரிதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் குரல் இல்லாம இசை மட்டும் பதிவு பண்ணின ட்ராக் வந்துச்சு, பென் டிரைவ் ஒண்ணும் பாடுறவங்க ரெண்டு பேரும் இருந்தா போதும்னு ஆயிருச்சு.

ஒரு வருத்தத்தையும் சொல்லிடறேன். 1997-ல எங்க ஊரு அம்மன் மேல எட்டுப் பாட்டு, எழுதினதும் மெட்டும் நான்தான், ஒரு கேசட் கம்பெனி போட்டுச்சு. அட்டையில என் பேரு இல்ல. பணமும் வரல, அது பரவாயில்ல, பேரு இல்லாததுதான் ரொம்ப நாள் உறுத்திட்டு இருந்துச்சு.

அதுல ஒரு பாட்டைப் பத்தி சொல்லணும். மெட்டு முதல்ல வந்துச்சு, வார்த்தைக்குப் பதிலா மெட்டோட அளவைச் சொல்ற தத்தகாரம் "தானன தானன தந்த தானா". கடைசி "தானா"வுல சுரம் நாலு எண்ணிக்கைக்கு நீண்டு நிக்கும். நான் எழுதினது, "வாசலில் நிற்குது எந்தன் மனம்". பேப்பர்ல நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நீளுற இடத்துல குறில் வச்சா என்னாகும்? பாடும்போது "மனம்" இழுபட்டு "மானம்"னு கேக்கும். படம் பாடமாயிரும், விடு வீடாயிரும், மெட்டுக்கு எழுதுற யாருக்கும் இது முதல் பாடம். எனக்கு அப்போ 24 வயசு, காதுல விழல. கேசட்ல பாடின அம்மாவும் அதைப் பாடி முடிச்சிட்டாங்க, வெளிய வந்துருச்சு. இப்போ அந்தக் கேசட்டை ஏத்தும்போது அந்த இடம் வரப்போ கண்ணை மூடிக்கிட்டேன்.

ஆனா இந்த வருஷம் கொடையில முளைப்பாரி எடுத்துட்டு வந்த பொம்பளைங்க அதே பாட்டைப் பாடிட்டு வந்தாங்க. கூட நடந்த ஒரு அத்தைகிட்ட இது யாரு பாட்டுன்னு கேட்டேன், "இது அந்தக் காலத்துப் பாட்டு, எங்க அம்மா பாடுவாவ"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அந்த வரி வந்துச்சு. "வாசல்ல நிக்குது எங்க ஊரு"ன்னு பாடுறாங்க. "ஊ"வுல அத்தனை பேரு குரலும் சேர்ந்து நாலு எண்ணிக்கையும் நிக்குது. எப்போ மாத்தினாங்க, யாரு மாத்தினாங்க, யாருக்கும் தெரியல.

வீட்டுக்கு வந்து பழைய பாட்டு நோட்டை எடுத்து "எந்தன் மனம்"ங்கிறதை அடிச்சுட்டு, பக்கத்துல "எங்க ஊரு"ன்னு எழுதி வச்சேன்.