ஆமாம், பகலிலும் கார்தான், ராத்திரியிலும் கார்தான்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு யாராவது அனுப்பி வைத்திருப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்மவர்களிடம் சுணக்கமே கிடையாது.

நான் போட்டது ஐம்பது விநாடி வீடியோ. ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்கிற கார் கேமில் எரிமலை உச்சியிலிருந்து ஒரு பழைய பீட்டில் கார் இறங்கி வருகிறது. கூடவே ஒரு வரி: "பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) இருப்பவர்கள் யோசிக்காமல் வாங்கி விளையாடலாம்." அவ்வளவுதான். அதை ஒரு பெரியவர் எடுத்துக்கொண்டுபோய் நம்ம மலேசியச் சமுதாயக் குழுவில் போட்டு, "இந்தியர்கள் ஏன் இன்னும் முன்னேறவில்லை?" என்று தலைப்பு வேறு வைத்திருக்கிறார். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கின்றன. "பகல்ல இ-ஹெய்லிங், ராத்திரி பொம்மைக் காரா? பெட்ரோல் ஊத்த வேணாம், அது ஒண்ணுதான் மிச்சம்" என்று ஒருவர். (இ-ஹெய்லிங் என்றால் ஆப்பில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார், அதுதான் என் தொழில்.) அது நன்றாகத்தான் இருந்தது, நானும் சிரித்தேன். தலைப்புக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சரி, முதலில் கேமைப் பற்றிப் பேசிவிடுவோம். காசுக்குத் தகுமா? தகும். தாராளமாகத் தகும்.

"நாலு வருஷப் பழசைப் புதுசுன்னு விக்கிறான்" என்கிறீர்கள். 2021 நவம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் கணினிக்கும் வந்தது, உண்மைதான். பிஎஸ்5-க்கு 2025 ஏப்ரல் 29-இல்தான் வந்தது. ஹொரைசன் வரிசையில் பிளேஸ்டேஷனுக்கு வந்த முதல் கேமே இதுதான். கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, ரோடு வந்த அன்றுதான் கம்பத்துக்காரனுக்கு ரோடு புதுசு. நான் பிஎஸ்5-ஐயே இரண்டாம் கையில்தான் வாங்கினேன். அதற்காக இன்னொரு கணினி வாங்கியிருக்க வேண்டுமா?

இது மெக்சிகோ. தொடங்கிய உடனே விமானத்தின் வயிற்றிலிருந்து ஒரு ஃபோர்டு பிராங்கோவை எரிமலை மேல் போட்டுவிடுகிறார்கள். அங்கிருந்து இறங்கினால் வயல், புழுதிப் புயல், காடு, கடல். ஒரு கார் முடிந்து இன்னொரு கார் என்று நான்கு கார்கள் மாறி விழா மைதானத்துக்கு வந்து சேர்வதற்குள் ஆள் கவிழ்ந்துவிடுவான். நான் கவிழ்ந்தேன். அதன் பிறகு போட்டி, பந்தயம், பட்டியல் எல்லாம் இருக்கிறது. எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. எனக்குப் பிடித்தது, யாரும் "எங்கே போகிறாய்" என்று கேட்காத ரோடு. மேப்பில் பின் குத்தத் தேவையில்லை. பின்சீட்டில் யாரும் பெருமூச்சு விடுவதில்லை. இறங்கும்போது நட்சத்திரம் குறைக்க ஆள் இல்லை.

குவனஹுவாட்டோ என்று ஒரு ஊர். மலைச்சரிவில் மஞ்சளும் ஆரஞ்சுமாக வீடுகள், கீழே சுரங்கப்பாதைகள். ஒரிஜினல் ஊரில் அந்தச் சுரங்கங்கள் முதலில் ஆற்று வெள்ளத்தைத் திருப்பி விட வெட்டியவை, பிற்பாடுதான் ரோடாகின. படித்ததும் எனக்கு நம்ம கோலாலம்பூர் ஸ்மார்ட் டனல் ஞாபகம் வந்தது. 2007-இல் திறந்தது, 9.7 கிலோமீட்டர், அதுவும் வெள்ளத்துக்குத்தான், அதிலும் ஒரு பகுதியில் கார் போகிறது. அந்த டனலுக்குள் ஏசி வேலை செய்யாத ஒரு மதியம், விமானத்தைத் தவறவிடப் போகிற ஒரு அம்மாவோடு நாற்பது நிமிடம் நின்றவன் நான். ராத்திரி குவனஹுவாட்டோ சுரங்கத்தில் நூற்றைம்பதில் போகும்போது எனக்கு என்ன தோன்றும் என்று பெரியவருக்கு எப்படிப் புரியும்? அவர் பின்சீட்டுக்காரர்.

குறையே இல்லையா? இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்றைத் திறந்து இணைத்தால்தான் உள்ளே விடுவான். டிஸ்க் கிடையாது, டவுன்லோட்தான். கார்களைத் தீபாவளிப் பலகாரம் மாதிரி அள்ளிக் கொடுக்கிறான், சம்பாதித்த சுகம் இல்லை. இத்தனை நூறு கார்களில் ஒரு புரோட்டான் இல்லை, பெரோடுவா இல்லை. மெக்சிகோவில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், முதல் வாரம் முழுக்க எதிரே வந்தவனையெல்லாம் திட்டிவிட்டு அப்புறம்தான் தப்பு என் மேல் என்று புரிந்தது. கேமில் வருகிறவர்கள் எல்லாரும் நம்மை "சூப்பர்ஸ்டார்" என்று கூப்பிட்டுக் காதைப் புளிக்க வைக்கிறார்கள். இதைக் குறையாகத்தான் எழுதி வைத்திருந்தேன். கமெண்ட்டுகளைப் படித்த பிறகு, யாராவது ஒருத்தராவது சொல்லட்டுமே என்று விட்டுவிட்டேன்.

இப்போது கேட்பீர்கள்: ஆறாவது பாகம் ஜப்பானில், 2025 செப்டம்பரில் டோக்கியோ கேம் ஷோவில் அறிவித்துவிட்டார்கள், காத்திருக்கலாமே? காத்திருங்கள். ஜப்பானும் நம்மைப் போல இடப்பக்கம்தான், எனக்கும் ஆசைதான். அதற்காக இன்று பசித்தவன் அடுத்த வருஷக் கல்யாணச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு உட்காருவானா?

நியாயமான கேள்வி ஒன்றே ஒன்றுதான் வந்தது, கெப்போங்கில் இருந்து ஒரு தம்பி கேட்டது. "அண்ணே, இதெல்லாம் நம்ம சொத்தா? தி க்ரூ என்ன ஆச்சு?" 2014-இல் வந்த கார் கேம். 2024 மார்ச் முடிவில் சர்வரை மூடினார்கள், காசு கொடுத்து வாங்கியவனும் விளையாட முடியாமல் போனது. ஹொரைசன் 4-ஐயும் 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள், வாங்கியவர்கள் மட்டும் விளையாடலாம். தம்பி சொல்வது சரி. பதில் என்னிடம் இல்லை. நான் குடியிருக்கும் ஃபிளாட்டும் வாடகைதான், அதற்காக உள்ளே தூங்காமல் இருக்கிறேனா? சரி, இது பதில் இல்லை, தெரியும். அடுத்ததுக்குப் போவோம்.

"இந்த மாதிரி கேம்தான் பையன்களை ரெம்பிட் ஆக்குது." ரெம்பிட் என்றால் ராத்திரியில் ரோட்டில் மோட்டார் பந்தயம் விடுகிற பையன்கள். இதற்கு நிறையச் சொல்ல வேண்டும். எம்ஆர்ஆர்2 சுற்றுச்சாலையில் ராத்திரி ஒரு மணிக்கு என் இரண்டு பக்கக் கண்ணாடியையும் உரசிக்கொண்டு மோட்டாரில் படுத்தபடி போகிற பையன்களை நான் வாரம் மூன்று நாள் பார்க்கிறேன், நீங்கள் செய்தியில் பார்க்கிறீர்கள். அவர்களிடம் பிஎஸ்5 இருந்திருந்தால் அந்த நேரத்தில் வீட்டு ஹாலில் இருந்திருப்பார்கள். இந்த கேமில் மோட்டார் சைக்கிளே கிடையாது. இன்னொன்று, கேமில் மோதினால் முக்கோண பட்டனை அழுத்தலாம், நேரம் பின்னால் ஓடும், வளைவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். போன வருஷம் ஜாலான் ஈப்போவில் என் பின் பம்பரில் ஒருவர் கொண்டுவந்து சொருகினாரே, அன்று ரோட்டோரம் நின்றுகொண்டு என் கட்டைவிரல் தானாக அந்த பட்டனைத் தேடியது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே தேடியது. பதினொரு நாள் கார் பட்டறையில். பதினொரு நாள் வருமானம் இல்லை. ரோட்டில் முக்கோண பட்டன் இல்லை என்பதை எனக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை, நன்றி.

வயதா? நாற்பத்து மூன்று. அடுத்து.

காசா? நான்கு நாள் வெளிச்சாப்பாட்டை நிறுத்தி, வீட்டில் கட்டிக்கொடுத்ததைத் தின்று மிச்சம் பிடித்தது. யாரிடமும் கடன் கேட்கவில்லை. பெரியவர் வாரக் கடைசியில் கோல்ஃப் ஆடுகிற படங்களை நானும் பார்த்திருக்கிறேன். லைக்கும் போட்டிருக்கிறேன். அது ஆரோக்கியம், தொடர்பு வளர்ப்பது. விடியற்காலை மூன்று மணி வரை மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பந்து பார்த்தால் அது நட்பு. நான் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, மகள் தூங்கிய பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு மணி நேரம் விளையாடினால் ஒரு சமுதாயமே பின்தங்கிவிடுகிறது. அவ்வளவு கனமான சமுதாயத்தை என் ஒருவன் தோளில் வைத்தது எப்போது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

கார் ஓட்டுவது எங்கள் வீட்டில் எப்போதும் வேலையாகத்தான் இருந்தது. அப்பா பந்திங் பக்கம் செம்பனை லோரி ஓட்டியவர். முப்பது வருஷம். ரோடு என்றால் அவருக்கு மில்லுக்குப் போவதும் மில்லிலிருந்து வருவதும்தான். சும்மா ஒரு ரவுண்டு போய் வருவோம் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்காக வந்து எங்களோடு நான்கு நாள் இருந்தார். இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வராமல் ஹாலுக்கு வந்தவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கியரை நானே மாற்றுகிற மாதிரிதான் வைத்திருப்பேன். "மேட்டுல மூணுல இழுக்கிறியே, இஞ்சின் கத்துது கேக்கல?" என்றார். இறக்கினேன். "ம்" என்றார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த பீட்டிலைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். மெக்சிகோக்காரர்கள் அதை வோச்சோ என்கிறார்கள். 2003 வரை அங்கே பெயிண்ட் ஈரத்தோடு ஃபேக்டரியிலிருந்து வந்துகொண்டிருந்த கார். அதன் பானெட்டில் "முருகன் துணை" என்று எழுதி வைத்திருக்கிறேன். எழுதி என்றால், கேமில் தமிழ் எழுத்து கிடையாது. வட்டம், சதுரம், வளைவு என்று வடிவங்கள்தான் தருவான். பெரிய வட்டம் ஒன்று வைத்து, அதன் மேல் காரின் நிறத்திலேயே சின்ன வட்டம் வைத்தால் ஒரு சுழி கிடைக்கும். அப்படியே அடுக்கிக்கொண்டு போக வேண்டும். புள்ளி மட்டும் ஒரே வட்டம், சுலபம். "மு"வுக்கு ஒரு ராத்திரி ஆனது. "ணை"க்கு இரண்டு.

அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு டிவிக்குக் கிட்டே போனார். ஒரு கண்ணில் கட்டு. "ணைக்குத் தும்பிக்கை எங்க?" என்றார்.

அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முன்னால் ணை, லை, ளை, னை நான்குக்கும் தலைக்கு மேலே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு போகும். அவர் இன்றைக்கும் அப்படித்தான் எழுதுவார். நான் எழுதியது அவருக்கு எழுத்துப்பிழை. மறுநாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் மேல தூக்கு, இப்ப வளை, போதும் போதும்" என்று சொல்லச் சொல்ல, மணி ஒன்றரை வரை ஒரே ஓர் எழுத்தை மாற்றினோம். ஓட்டிப் பார்க்கிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார். "நீ ஓட்டு, நான் பாக்குறேன்."

நான் போட்ட வீடியோ அந்த எழுத்துக்காகப் போட்டது. பன்னிரண்டாவது விநாடியில் கார் திரும்பும்போது பானெட் முழுசாகத் தெரியும், தும்பிக்கையோடு. இத்தனை பேர் பார்த்தீர்கள், சிரித்தீர்கள், சமுதாயத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். தமிழை வளர்க்கிற குழுதான் அது. ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

இன்று வியாழன். நம்ம நேரத்துக்கு ராத்திரி பத்தரைக்கு அங்கே பருவம் மாறும். நான்கு பருவம், ஆளுக்கு ஒரு வாரம். இன்றைக்குப் புயல் காலம் தொடங்குகிறது. ஒன்பதேகாலுக்குக் கேஎல்ஐஏ விமான நிலையத்துக்கு ஒரு டிரிப் இருக்கிறது, ஜேம் இல்லாவிட்டால் வந்துவிடுவேன். கமெண்ட்டை மூடவில்லை, எழுதுங்கள். பதில் பதினொன்றரைக்கு மேல்.