கையெழுத்துப் போட்டவர் ஓட்டுக் கேட்டு வருகிறார்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநில ஆளுநர் தேர்தல் என்றாலே நம் வாட்ஸ்அப் குழுக்களில் குடியரசுக் கட்சியின் விவேக் ராமசாமிதான். பெற்றோர் பாலக்காட்டிலிருந்து போனவர்கள், பிறந்தது சின்சினாட்டி, தமிழ் பேசுவார், டிரம்ப்பின் ஆதரவு வேறு. சரி, எதிரில் நிற்பது யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். (அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி. ராஜ்பவன் கணக்கில் யோசிக்காதீர்கள்.)

ஜனநாயகக் கட்சி சார்பில் களமிறங்கியிருப்பவர் டாக்டர் ஏமி ஆக்டன். யங்ஸ்டவுனில் பிறந்தவர். வீட்டில் கொடுமை, வறுமை. 12 வருடத்தில் 18 இடம் மாறி, ஒரு குளிர்காலத்தில் கூடாரத்தில்கூடக் குடியிருந்ததாகச் சொல்கிறார். அப்புறம் மருத்துவம் படித்து, பொதுச் சுகாதாரம் படித்து, 2019 பிப்ரவரியில் ஒஹாயோ சுகாதாரத் துறை இயக்குநர் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். நியமித்தவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மைக் டிவைன் என்பதைப் பிரசாரச் சத்தத்தில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

அடுத்த வருடமே கொரோனா. தினமும் மதியம் 2 மணிக்கு ஆளுநருக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்று பேசுவார். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது.

அந்த நாட்களில் எனக்கு முக்கியமாகப் படுவது 2020 மார்ச் 16 இரவு. மறுநாள் காலை, கட்சிகளின் வேட்பாளர்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தல். தள்ளிவைக்கலாம் என்கிறார் ஆளுநர். நீதிமன்றம் போகிறார்கள், நீதிபதி முடியாது என்கிறார். இரவு 10 மணி வாக்கில் வருகிறது அறிவிப்பு: சுகாதார அவசர நிலை, வாக்குச்சாவடிகள் திறக்காது. ஆணை ஆக்டனுடையது! விடிவதற்குள் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. தேர்தலில் ஒரு ஓட்டுக்கூட வாங்காத ஒரு டாக்டர் போட்ட கையெழுத்தில் ஒரு தேர்தலே நின்றது.

அங்கே சட்டம் அப்படி. தொற்றுநோய்க் காலத்தில் அதிகாரம் சுகாதார இயக்குநர் கையில். முடிவு எடுத்தது ஆளுநர் என்றாலும் தாளில் இருந்தது அவர் பெயர். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்ற ஆணையும் அவர் பெயரில்தான். அதனால்தான் கோபக்காரர்கள் ஆளுநர் மாளிகையை விட்டுவிட்டு அவர் வீட்டு வாசலுக்குப் போனார்கள், சிலர் துப்பாக்கியோடு. 'தேர்ந்தெடுக்கப்பட்டவன் நான், திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்' என்ற பொருளில் டிவைன் பேசினார். நல்ல பேச்சு. ஆனால் வாசலில் கூட்டத்தைப் பார்த்தது அந்த அம்மாவின் குடும்பம்.

2020 ஜூன் 11-ல் ராஜினாமா. தன் மருத்துவ உறுதிமொழிக்கு ஒவ்வாத ஆணைகளில் கையெழுத்துப் போடச் சொல்லி நெருக்குவார்களோ என்று பயந்ததாகப் பின்னர் சொன்னார். அந்த செப்டம்பரில் அதே நாற்காலிக்கு வேறொரு பெண் மருத்துவரை அறிவித்தார்கள். ஆக்டன் குடும்பம் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டு அவர் சில மணி நேரத்தில் விலகிவிட்டார்.

இப்போது எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டிருப்பது பள்ளி மூடலை. மாநிலம் முழுக்கப் பள்ளிகளை மூடுவதாக முதலில் அறிவித்தது ஒஹாயோதான். அதற்கு ஆக்டன் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது ராமசாமியின் வாதம். மார்ச்சில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்று பார்த்தால் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜூனில் போனவர் தலையில் அடுத்த கல்வியாண்டையும் சேர்த்துக் கட்டுவது அதைவிட மோசம்.

அதற்காக அவரிடம் கேள்வியே கேட்கக் கூடாதா? மார்ச் 12 அன்று, உறுதியான நோயாளிகள் 5 பேர் இருந்தபோது, மாநிலத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் தொற்று இருக்கும் என்று சொன்னார். பிறகு அது ஊகம் என்று விளக்கம். கோட்டுப் போட்டவர் வாயிலிருந்து வரும் ஊகத்தை ஜனங்கள் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணை அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாம். கூடாரக் கதை மனதைத் தொடுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் பிரசாரத்தில் அந்தக் கதை எவ்வளவு வருகிறதோ அவ்வளவு அந்த ஆணைகளும் வர வேண்டும். அதிகாரிகள் ஓய்வுபெற்றதும் துண்டு போட்டுக்கொண்டு மேடையேறுவது எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. இவர் விஷயத்தில் மட்டும் வரட்டும் என்கிறேன். கையெழுத்துப் போட்டவரை நேரில் நிறுத்திக் கேட்கும் வாய்ப்பு ஜனங்களுக்கு இப்போதுதான் கிடைக்கிறது.

ஜெயிப்பது சுலபமில்லை. 2006-க்குப் பிறகு அங்கே ஜனநாயகக் கட்சிக்காரர் யாரும் ஆளுநர் தேர்தலில் ஜெயித்ததில்லை. ஜெயித்தாலும் பழைய அதிகாரம் கிடைக்காது. சுகாதார ஆணைகளை ரத்து செய்யும் உரிமையை 2021-ல் சட்டமன்றம் தனக்கே எடுத்துக்கொண்டது, டிவைன் தன் வீட்டோ அதிகாரத்தால் அந்தச் சட்டத்தை நிராகரித்ததையும் தாண்டி.

விவாத மேடையில் இரண்டு கேள்விகளை யாராவது கேட்டால் நன்றாக இருக்கும். ராமசாமியிடம்: உங்கள் ஆட்சியில் ஒரு தொற்றுநோய் வந்தால் அந்த நாற்காலியில் யாரை உட்காரவைப்பீர்கள், அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடினால் என்ன செய்வீர்கள்? ஆக்டனிடம்: நீங்கள் ஆளுநர், உங்கள் சுகாதார இயக்குநர் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார், அப்போது?