இசோக்கோ தனி மொழிதான்

மேலே உள்ள பதிவில் ஒருவர், நைஜீரியாவில் பேசப்படும் இசோக்கோ என்பது அங்குள்ள உர்ஹோபோ மொழியின் வட்டார வழக்குதான், அதனால் இசோக்கோ பெண்கள் ஒன்றுகூடி அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது தேவையில்லாத வேலை என்று எழுதியிருக்கிறார். அதைச் சிலர் பகிர்ந்தும் விட்டார்கள்.

அது சரியில்லைங்க. நைஜீரியாவின் டெல்டா மாநிலத்தில், ஓலே, ஓசோரோ பக்கம் பேசப்படும் இசோக்கோ தனி மொழி. இசோக்கோ, உர்ஹோபோ இரண்டும் எடோய்டு என்ற நைஜீரிய மொழிக் குடும்பத்தின் தென்மேற்குக் கிளையைச் சேர்ந்தவை, நெருங்கிய உறவு உண்டு, கடவுளைக் குறிக்கும் 'ஓகெனே' என்ற சொல்கூட இரண்டிலும் இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது எளிது. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்திலேயே இரு மக்களையும் சேர்த்து 'சோபோ' என்று எழுதிவைத்தார்கள், குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அக்காள் தங்கை என்றால் ஒரே ஆள் என்று ஆகிவிடாதே!

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒவ்வொரு மொழிக்கும் மூன்றெழுத்துக் குறியீடு தரும் ஐஎஸ்ஓ (சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு) 639-3 பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் உர்ஹோபோவுக்கு 'யு-ஆர்-எச்', இசோக்கோவுக்கு 'ஐ-எஸ்-ஓ' என்று தனித்தனிக் குறியீடு (ஆமாம், அந்த அமைப்பின் சுருக்கப்பெயரும் இசோக்கோவின் குறியீடும் ஒன்றே, தேடும்போது கொஞ்சம் படுத்தும்). அப்புறம், பைபிள் இரண்டு மொழியிலும் தனித்தனியாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. ஏதாவது ஒரே வசனத்தை இரண்டிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மொழி தெரியாவிட்டாலும் வித்தியாசம் கண்ணில் படும்.

முடிந்தால் அந்தப் பதிவைத் திருத்திவிடுங்கள்.