தொட்டி வாடகையை வாங்குபவர் முன்கூட்டிக் கட்டுவது நடைமுறை அல்ல

‘நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகச் சேமிப்புத் தொட்டியில் ஜேபி54 விமான எரிபொருள் தயாராக இருக்கிறது, சந்தை விலையைவிடப் பீப்பாய்க்கு 10 டாலர் குறைவு, தொட்டி வாடகையை வாங்குபவர் முதலில் கட்டுவதே உலக நடைமுறை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பிப் பணம் அனுப்பிவிடாதீர்கள்.

முதலில், ஜேபி54 என்று எந்த விமான எரிபொருள் தரமும் கிடையாது. பயணிகள் விமானங்களில் நிரப்புவது ஜெட் ஏ-1. அமெரிக்காவில் ஜெட் ஏ.

அடுத்து அந்தத் தள்ளுபடி. ஒரு டன் விமான எரிபொருள் ஏறக்குறைய 7.9 பீப்பாய். அப்படியென்றால் டன்னுக்கு 79 டாலர். 30,000 டன் சரக்கில் 23.7 லட்சம் டாலர். உண்மையான சரக்கை வைத்திருப்பவர் அன்றே சந்தை விலைக்கு விற்றுவிடலாம். முகம் தெரியாதவருக்கு அவ்வளவு பணத்தை அவர் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? நிஜ ஒப்பந்தங்களில் விலை பெரும்பாலும் பிளாட்ஸ் போன்ற, சந்தை விலையை மதிப்பிடும் நிறுவனங்கள் வெளியிடும் விலையை ஒட்டி, கப்பல் ரசீது (சரக்கு கப்பலில் ஏறியதற்கான ஆவணம்) தேதியைச் சுற்றியுள்ள சில நாட்களின் சராசரியாக அமையும்.

தொட்டி வாடகை, தொட்டியை வாடகைக்கு எடுத்தவருக்கும் முனையத்துக்கும் (தொட்டிகளை நடத்தும் நிறுவனத்துக்கும்) இடையிலான கணக்கு. வாங்குபவர் பெரும்பாலும் வங்கி வழியாகக் கடன் உறுதிக் கடிதம் (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதி) திறப்பார். கப்பல் ரசீதும், சுயேச்சையான ஆய்வாளரின் தர, அளவுச் சான்றுகளும் வந்த பிறகே பொதுவாகப் பணம் கைமாறும். எரிபொருள் தொட்டியில் இருப்பதாகக் காட்டும் போலி ரசீதுகளைப் பற்றி ரோட்டர்டாம் துறைமுகமே எச்சரித்திருக்கிறது. ரசீதில் அச்சிட்டிருக்கும் தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, முனையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்து அழைத்துக் கேளுங்கள்.